பொட்டும் படலையும்

நோர்வேயில் புதுவீடு கட்டி முடியும் தறுவாயில், அதன் வாசல் நிலையில் துணித்திரை ஒன்றை இறுக்கிக் கட்டி, திரையின் நடுவே ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்துவார்கள். யன்னல்கள் எல்லாம் பூட்டியிருக்கும். விசிறி வீட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வந்ததும் அளவெடுப்பார்கள். 50 பாஸ்கல் என்பது 5 மில்லிமீற்றர் உயரத் தண்ணீரின் பாரம், அவ்வளவுதான். அந்தச் சின்ன அழுத்தத்தில் ஒரு மணிநேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்பதே கேள்வி. 2017ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் புதிய வீடுகளுக்கு வைத்திருக்கும் அளவு 0.6. வேறு வழியில் வெப்பத்தை மிச்சம் பிடித்து ஈடுகட்டினாலும் 1.5ஐத் தாண்டக்கூடாது.

யாழ்ப்பாணத்துப் புத்தூரிலிருந்தும் அச்சுவேலி, ஆவரங்கால், நீர்வேலிப் பக்கமிருந்தும் புலம்பெயர்ந்தவர்களில் பலர் குளிர்நாடுகளில் இப்படி இறுக மூடிய வீடுகளில்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். உழைத்த காசில் ஊரிலும் ஒரு வீடு எழுப்புகிறார்கள். அங்கே கண்ட கட்டட முறைகளில் ஒன்றிரண்டு இங்கேயும் வந்து சேர்கின்றன: இரட்டைக் கண்ணாடி யன்னல், ஏசி அறை, படலையடியில் கமரா. கூடவே ஒரு பழைய கேள்வியும் வந்து சேர்கிறது. ஒரு மனிதன் தன்னைச் சுற்றி எவ்வளவு தூரம் மூடிக்கொள்ளலாம்?

கேள்வி பெரிதாகத் தெரிந்தாலும் அது தொடங்குவது ஒரு விரல் பருமன் துளையில். சுவரெல்லாம் காற்றுப் புகாமல் ஒட்டி முடித்த பிறகு, வெளி விளக்குக்கு ஒரு வயர், கமராவுக்கு ஒன்று, சோலர் தகட்டுக்கு இரண்டு, மின்காருக்குத் தடித்த கேபிள் ஒன்று என்று ஒவ்வொன்றாக வெளியே போக வேண்டியிருக்கும். 12 மில்லிமீற்றர் துளை ஒன்று அடைபடாமல் கிடந்தால், அந்த 50 பாஸ்கல் அழுத்தத்தில் அதனூடாக மணிக்கு ஏறக்குறைய 2 கன மீற்றர் காற்றுப் போகும் என்று கணக்குக் காட்டுகிறது. 250 கன மீற்றர் கொள்ளளவுள்ள வீட்டுக்கு விதி விடும் மொத்தக் கசிவே மணிக்கு 150 கன மீற்றர்தான். பத்துத் துளைகளில் அதன் ஏழில் ஒரு பங்கு போய்விடும்.

வெப்பம் போவது மட்டும் நட்டமல்ல. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சமைப்பதாலும் குளிப்பதாலும் மூச்சு விடுவதாலும் சேரும் ஈரம், துளையூடாகச் சுவரின் உள்ளே போய்க் குளிர்ந்து தண்ணீராகிறது. மரச்சட்டம் கண்ணுக்குத் தெரியாமல் உக்கத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் இது தலைகீழ். ஏசியில் குளிர்ந்த அறைக்குள் வெளியிலிருக்கும் புழுக்கக் காற்றுத் துளை வழியாக நுழைந்து, குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். பூசணம் கறுப்பாகப் படரும். பின்னால் எறும்பும் குளவியும் வரும்.

நல்ல வேலைக்காரர் இந்தத் துளையைப் போடும் விதமே வேறு. உள்ளிருந்து வெளியே சற்றுச் சரியும்படி துளைப்பார். மழைத்தண்ணீர் ஏறி வராது. வெளியே வயரை நேராக விடாமல் ஒரு தொங்கல் விட்டு மேலே கொண்டுவருவார்; வயரோடு ஓடிவரும் தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். நாலு வயரை ஒரே துளைக்குள் திணிக்கமாட்டார். வயர்களுக்கு இடையில் விழும் இடுக்கை எந்தப் பசையாலும் முழுதாக அடைக்க இயலாதென்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை, ஒவ்வொரு துளைக்கும் வயரை இறுகக் கவ்வும் றப்பர் வளையம். குழாய் போட்டு அதற்குள் வயரை இழுத்தால், குழாயின் வெளிப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டினால் போதாது. குழாயின் உட்பக்கமும் காற்றுப் போகும் பாதைதான். வீட்டுப் பக்கத்து வாயையும் களிபோன்ற பசையால் அடைக்க வேண்டும். முடிந்ததும் ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து துளையருகே பிடித்துப் பார்க்கலாம். புகை நேரே எழுந்தால் வேலை சரி. வளைந்து சுவருக்குள் இழுபட்டால் எங்கோ இன்னும் ஓட்டை இருக்கிறது.

உள்ளே வருவதைத் தடுப்பது பற்றித் தமிழில் மிக நுணுக்கமாகச் சிந்தித்தவர்கள் சமணர்கள். அவர்களுடைய ஒன்பது பொருள்களில் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு என்று நாலு வருகின்றன. மனம், சொல், உடல் ஆகிய மூன்றின் அசைவால் வினைத்துகள் உயிருக்குள் வந்து சேர்வது ஊற்று. அது ஒட்டிக்கொள்வது கட்டு. வரும் வழிகளை அடைப்பது செறிப்பு. முன்பே வந்துவிட்டதைத் தவத்தால் கழிப்பது உதிர்ப்பு. ஓட்டைத் தோணியை உவமை சொல்வார்கள்: முதலில் ஓட்டையை அடை, பிறகு தண்ணீரை இறை. வரிசை மாறினால் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்த ஒழுங்கை நோர்வேயின் கட்டடப் பொறியியலாளர் ஒருவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார். கசியும் வீட்டில் எவ்வளவு சூடேற்றினாலும் வீண். சமண அறத்தின் பெருமையும் இங்கேதான். ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு காலடியையும் ஒரு துளையாகக் கருதிக் காக்கச் சொன்ன சமயம் அது. கவனமில்லாமல் விடப்படும் சின்னஞ்சிறு வழிகளே ஓர் உயிரைக் கெடுக்கின்றன என்ற உண்மையை அதைவிடக் கூர்மையாக வேறெவரும் சொன்னதில்லை.

ஐரோப்பாவில் மூடுதலை அதன் எல்லை வரைக்கும் கொண்டுபோனவர் ஜேர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ். உலகின் அடிப்படைப் பொருள்களான மொனாட்களுக்கு யன்னல்களே இல்லை என்று 1714இல் எழுதினார். ஒன்றுக்குள் மற்றொன்று எதையும் அனுப்பாது. எல்லாம் இசைந்து நடப்பது இறைவன் முன்கூட்டியே வகுத்த ஒழுங்கால். அழகான கட்டுமானம்தான், ஆனால் அதில் ஒருவர் இன்னொருவருடைய கையைப் பிடித்துத் தூக்கிவிட வழியில்லை.

சைவ சித்தாந்தம் இந்த இரண்டோடும் ஒத்துப்போவதில்லை. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தைத் தந்தார். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு கொள்கைகளை எடுத்து மறுக்கிறார்; நிகண்டவாதிகளான சமணர்களும் அதில் உண்டு. சித்தாந்தத்தின்படி உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது. தனியே, எதையும் சாராமல் நிற்கும் உயிர் என்று ஒன்று இல்லை. முழுதாக மூடிய உயிர் என்பதே அதன் கணக்கில் வராது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆணவம் வெளியிலிருந்து வந்த அழுக்கல்ல. செம்பில் களிம்பு போல உயிரோடு தொடக்கமின்றியே இருப்பது. கதவையெல்லாம் பூட்டினால் அது உள்ளேதான் நிற்கும். அதை நீக்க உயிரின் சொந்த முயற்சி மட்டும் போதாது, அருள் வேண்டும். அந்த அருள் குருவாக வந்து உணர்த்துவதைத்தான் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் பேசுகிறது. ஐம்புலன்கள் என்ற வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனிடம் ஒருவர் வந்து, நீ யார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இறைவன் உயிருக்குள்ளும் உயிராக நிற்கிறான் என்று சொல்லும் அதே சமயம்தான் இப்படி வந்து சொல்லும் ஒரு குரலும் தேவை என்கிறது. அந்தக் குரல் நுழைவதற்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும்.

கட்டட விதியும் இதே இரட்டை நிலையில்தான் நிற்கிறது. சுவரில் ஊசித்துளை விடாதே என்று சொல்லும் அதே நோர்வே விதிகள், படுக்கையறையில் ஒரு படுக்கைக்கு மணிக்கு 26 கன மீற்றர் புதுக்காற்று வந்தே ஆகவேண்டும் என்றும் சொல்கின்றன. இறுக மூடிய வீட்டுக்குள் மனித மூச்சும் சமையல் ஆவியும் தளபாடப் பசையின் நெடியும் தேங்கும். அதனால் காற்று வருவதற்கென்றே குழாய் வைத்து, வடிகட்டி, வெளியேறும் காற்றின் சூட்டைப் புதுக்காற்றுக்குக் கைமாற்றி உள்ளே விடுகிறார்கள். திருமூலரின் மூச்சுக் கணக்கிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். இழுப்பதற்கு 16, நிறுத்துவதற்கு 64, விடுவதற்கு 32 என்ற மாத்திரை அளவில் நிறுத்தும் நேரம்தான் நீளம்; ஆனால் இழுப்பதும் விடுவதும் இல்லாமல் அந்த நிறுத்தலுக்குப் பொருளில்லை.

புத்தூரில் இப்போது கட்டும் ஏசி அறைகளில் பலவும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. சுவரில் தொங்கும் வழமையான ஏசி வெளியிலிருந்து புதுக்காற்று எதையும் கொண்டுவருவதில்லை. அறையிலிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. பழைய வீட்டில் யன்னல் இடுக்கும் ஓட்டு இடுக்கும் அந்தக் குறையைத் தீர்த்துவந்தன. புது அறையில் அவற்றை அடைத்துவிட்டு வேறு வழி வைக்காமல் விட்டால், விடியற்காலையில் தலைப்பாரத்தோடு எழும்ப வேண்டியிருக்கும்.

இந்த மண்ணின் பழைய வீடு வாசல்களைப் பற்றித் தெளிவாக இருந்தது. நாற்சார் வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம். மழையும் வெயிலும் வீட்டின் நடுவிலேயே விழும். வளவைச் சுற்றிக் கிடுகு வேலி. உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாது. ஆனால் தெருப்பக்கம் சங்கடப் படலை. கூரை போட்டு, இருக்கத் திண்ணை வைத்து, தாகத்துக்குத் தண்ணீரும் வைத்திருப்பார்கள். வழிப்போக்கர் யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்து களைப்பாறலாம். இரண்டு வளவுகளுக்கு நடுவிலுள்ள வேலியிலோ ஒரு பொட்டு இருக்கும். கதியால் இரண்டு விலகிய, ஆள் குனிந்து போகும் இடைவெளி. “பிள்ளை, பொட்டாலை ஓடிப்போய் மாமியிட்டைக் கொஞ்சம் தேயிலை வாங்கிக்கொண்டு வா” என்ற குரல் கேட்காத குசினி யாழ்ப்பாணத்தில் இருந்திருக்காது. படலை ஊருக்கு, பொட்டு உறவுக்கு. இரண்டும் யோசித்து வைத்த திறப்புகள்.

மூடவேண்டிய காலமும் வந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் 1658 வரை ஆண்டார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621இல் இடிபட்டது. விரத நாளில் உண்ட வாழையிலை காட்டிக்கொடுக்கக்கூடும் என்று அதைக் கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. சமயம் வீட்டின் உட்புறத்தில் மூச்சடக்கி உயிர்வாழ்ந்த காலம் அது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்த ஞானப்பிரகாச முனிவர், போர்த்துக்கேய அதிகாரியின் சாப்பாட்டுக்கு வீடுகள் முறைவைத்துப் பசு கொடுக்க வேண்டியிருந்த காலத்தில், தன் வீட்டு முறை வருமுன் ஊரை விட்டுப் புறப்பட்டார் என்பது மரபு. சிதம்பரத்தில் அவர் வெட்டுவித்த ஞானப்பிரகாசம் குளம் இன்றும் இருக்கிறது. சிவஞானசித்தியாருக்கு உரை எழுதியவர்களில் அவரும் ஒருவர். வாசலை அடைக்க இயலாத ஒருவர் வாசலைத் தாண்டிப் போனார். போன இடத்தில் எல்லாரும் இறங்கக்கூடிய ஒரு குளத்தை வைத்தார்.

ஆனால் பழைய வீட்டைப் புகழ்ந்துகொண்டே போவது பொய்யாகிவிடும். சங்கடப் படலையில் இருக்கலாம் என்பது ஒன்று. அதைத் தாண்டி யார் எதுவரை வரலாம் என்பது சாதி வகுத்த கோடு. கிணற்றைத் தொட, கோயில் வாசல் மிதிக்க, தேநீர்க்கடையில் சமமாக உட்கார எல்லாரையும் விடவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் நிலைமை தானாக மாறவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் வெளிவாசலில் நின்று போராடினார்கள். எல்லா உயிருக்கும் அருளின் வாசல் திறந்தே இருக்கிறது என்று கற்பித்த சமயத்தின் கோயில் கதவு சில மனிதருக்கு மூடியிருந்தது. சித்தாந்தத்தைப் படித்தவர்கள் இதற்குச் சொன்ன சமாதானங்கள் எதுவும் அந்தச் சித்தாந்தத்திலிருந்து வந்தவையல்ல.

புத்தூரிலேயே இந்தக் கேள்வி காற்றின் வடிவில் வந்தது. 2017இல் கலைமதி கிராமத்து மக்கள், தங்கள் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த கிந்துசிட்டி மயானத்தை அகற்றக் கோரிப் போராட்டத்தில் இறங்கினார்கள். பிணம் எரியும் புகை தங்கள் வீடுகளுக்குள் வருகிறது என்பது அவர்களுடைய முறைப்பாடு. மயானம் பரம்பரையாக இருந்துவந்தது என்று மறுதரப்பினர் சொன்னார்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் எங்கே குடியிருக்க விடப்பட்டார்கள் என்ற நீண்ட வரலாறு அதன் அடியில் இருந்தது.

காற்றுப் புகாத வீடு என்ற ஆசையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யன்னலைப் பூட்டி, பொட்டெல்லாம் அடைத்து, புகை வராமல் ஒருவர் தன் வீட்டைக் காத்துக்கொள்ளலாம். காசிருந்தால் முடியும். காசில்லாதவர் வீட்டுக்கு அதே புகை போகும். சமணர் சொன்ன செறிப்பு ஒருவர் தன் வினையை அடைப்பது. வேறொருவர் மூச்சில் அதைத் தள்ளிவிடுவதல்ல. அந்த அறத்தில் கொல்லாமை முதலாவதாக இருப்பது இதனால்தான். தன் சுவரை மட்டும் அடைத்துவிட்டுப் புகை எழும் இடத்தைப் பற்றிக் கேட்காத வீடு சமய அர்த்தத்தில் தூய வீடாகாது. கலைமதி மக்கள் தங்கள் யன்னல்களை மூடிக்கொள்ளாமல் வீதிக்கு வந்தது சரியான காரியம்.

நிலத்துக்குக் கீழேயும் இதே கதைதான். புத்தூருக்கு அருகே நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணற்றை, வானரங்களின் தாகம் தீர்க்க இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்று கதை சொல்வார்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் முழுக்க வெடிப்பும் குகையுமாக இருப்பதால், பெய்த மழை அதனூடாக இறங்கி உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. ஆறு இல்லாத ஊரில் அதுதான் எல்லாருடைய தண்ணீரும். ஒரு வளவின் மலக்குழி கசிந்தால் அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போகும். ஒரு வெங்காயத் தோட்டத்து உரம் பல கிணறுகளில் நைத்திரேற்றாக வரும். டைல்ஸ் பதித்து மேலே எவ்வளவு மூடினாலும், நிலத்துக்கு அடியில் எல்லா வீடும் ஒரே வீடு.

கிடுகு வேலி போய் மதில் வந்த பிறகு பொட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. மதிலின் மேல் கமரா, கேற்றில் தானியங்கிப் பூட்டு. வீட்டுக்காரர் ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ இருந்து கைத்தொலைபேசியில் தன் வாசலைப் பார்க்கிறார். களவுப் பயம் உண்மைதான். தனித்திருக்கும் வயதான தாய்க்கு அந்தக் கமரா ஆறுதலும்தான். ஆனால் கமரா வாசலாகாது. அந்த அம்மாவுக்கு இரவில் நெஞ்சு வலித்தால் அடுத்த வளவுக்காரி குனிந்து ஓடிவர வழி வேண்டும். மதிலிலே ஒரு சிறு கதவு வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு கமராவின் விலையைத் தாண்டாது. புதுவீட்டு வரைபடம் போடும்போது இதைக் கேட்பவர்கள் குறைவு.

குடாநாட்டின் பழைய வழமைகள் இதைக் கேட்டிருக்கின்றன. ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தேசவழமையைத் தொகுத்தபோது, காணி எல்லை என்பது ஒருவர் மற்றவரை முற்றாக விலக்கும் கோடாக இருக்கவில்லை. பங்காளிக்கும் அயலவருக்கும் விற்பனையில் முதலுரிமை இருந்தது. இன்றைக்கும் பல காணி உறுதிகளில் நாலு எல்லையோடு நின்றுவிடாமல், இன்ன கிணற்றில் பங்கும் அதற்குப் போகும் வழியும் வாய்க்காலும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். ஒரே பங்குக் கிணற்றிலிருந்து நாலு குடும்பம் தோட்டத்துக்கு இறைக்கும்.

ஆகவே புத்தூரில் புதுவீட்டுக்கு மதில் எழுப்புபவர், மேசனிடம் அத்திவாரம் வெட்டச் சொல்வதற்கு முன் உறுதியை எடுத்து வழிவாய்க்காலுள்ள பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். அந்த இடத்தில் மதிலுக்குப் பதிலாக ஒரு படலை வரவேண்டும். படலைக்குக் கீழே மண்ணுக்குள் இரண்டு குழாய் போடலாம்: ஒன்று தன் மோட்டர் வயருக்கு, மற்றது பங்காளியின் வயருக்கு. வீட்டுச் சுவருக்குள் நுழையும் முனையை உள்ளிருந்து பசையால் அடைத்து, வெளிமுனை சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, இன்னும் வயர் இழுக்காத குழாய்க்கு மூடி போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பங்காளி தன் மோட்டரை எப்போது வைத்தாலும் மதிலை இடிக்க வேண்டிவராது.